வீட்டோடு பார்க்கலாமா?

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் நான் சொல்வதில் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. மீதியை நீங்களே கற்பனை செய்து பதில் சொல்கிறீர்கள். போன முறை நான் "மழை" என்றதற்கு நீங்கள் "வாழ்த்துகள்" என்றீர்கள். நமக்குக் கடிதம்தான் சரி.

ஒரு நல்ல செய்தி. நம் சபைப் பத்திரிகையில் நான் எழுதும் 'வீட்டோடு பார்க்கலாமா?' பகுதிக்கு வரும் ஆகஸ்டில் முப்பது வயது. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சினிமா பாப்பியாமே, எந்தப் படத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு எழுதிக் குடேன்" என்று பழைய எடிட்டர் கேட்டது நேற்றுப்போல் இருக்கிறது. அப்போது சபையில் பாதிப் பேர் சினிமாவே பாவம் என்றார்கள். மீதிப் பேர் ஒளிந்து பார்த்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான் கையில் டார்ச்சோடு நின்றேன். இப்போது சனிக்கிழமை வானொலியிலும் வாசிக்கிறேன். "டார்ச் சார் எத்தனை விளக்கு போட்டார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் டிக்கெட் வாங்குகிறார்களாம். நான்கு விளக்கு என்றால் குடும்பமாகப் போகலாம். ஒரு விளக்கு என்றால் அந்தத் தெருப் பக்கமே போக வேண்டாம்.

விழா எடுக்கிறார்கள். நான் மனைவி, மகளோடு குடும்பமாக மேடைக்கு வர வேண்டும் என்று இப்போதைய எடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த வாரம் பார்த்த படத்தில் ஒரு கிளி கெட்ட வார்த்தை சொல்கிறது. என் தாளில் கெட்ட வார்த்தைக் கணக்கில் அதற்கும் கோடு போடுவதா வேண்டாமா என்று திணறி, கடைசியில் பாதிக் கோடு போட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிட்டு நலம். மகள் வீட்டில் குழந்தைக்குத் துணையாக இருக்கிறாள். சீக்கிரம் வந்துவிடுவாள்.

உங்கள் ஜெபத்தில் என்னையும் நினைக்கும்படி,
தம்பி

*

ஜனவரி 25

என் பிரியமான தம்பிக்கு,

கடவுள் உன்னைக் காப்பாராக. முழங்கால் படி இறங்கும்போது முனகுகிறது, ஏறும்போது கத்துகிறது. மாடி வீட்டில் இருப்பவளுக்கு வேறு வழியில்லை. கீழே தையல்கடைக்காரர் தினமும் என் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு வந்து மேலே வைத்துவிட்டுப் போகிறார். நல்ல மனிதர். ஆனால் என் கதவருகே வந்தால் "டீச்சர்" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவார்.

முப்பது வருடம்! அம்மா இருந்திருந்தால் அந்தப் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பாள். கிளி விஷயத்தில் என் தீர்ப்பு: சொல்லிக்கொடுத்தவன் பேரில் எழுது. என் வகுப்பிலும் அதுதான் சட்டம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கெட்ட வார்த்தை பேசினால் நான் அதன் அப்பாவைத்தான் கூப்பிட்டு விடுவேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தின் அடியில் சிட்டு எப்போதும் பச்சை மையில் இரண்டு வரி எழுதுவாள். "அண்ணி, இவர் எழுதியதில் பாதியை நம்புங்கள்" என்ற மாதிரி ஏதாவது. பச்சை மை இல்லாமல் வந்த மூன்றாவது கடிதம் இது. மகள் வீடு பஸ்ஸில் அரை நாள்தானே? நடுவில் ஒரு தடவைகூடவா வந்து போகவில்லை?

பரீட்சையில் சில பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் பக்கம் பக்கமாக எழுதி, கட்டாயக் கேள்வியை மட்டும் விட்டுவிடும். தாளைப் புரட்டும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று நம்புகிறேன்.

அன்பு முத்தங்களோடு,
அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களை நல்ல சுகத்தோடு வைத்திருப்பார் என்று விசுவாசிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

தியேட்டரில் புது இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். சாய்ந்தால் படுக்கைபோல் ஆகிவிடுகின்றன. டிக்கெட் கிழிப்பவர், "சார், உங்க இடத்தை மட்டும் சாயாம டைட் பண்ணி வெச்சிருக்கேன், நீங்க எழுதணும்ல" என்றார். கடைசிக்கு முந்தின வரிசை, நடைபாதை ஓரம். அங்கிருந்து பார்த்தால் திரையும் தெரியும், முன்னால் உட்காரும் குடும்பங்களின் பின்தலைகளும் தெரியும். எந்தக் காட்சியில் அப்பாவின் கை பிள்ளையின் கண்ணை மூடப் போகிறது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதையும் குறித்துக்கொள்வேன்.

என் தாளில் எப்போதும் நான்கு கட்டங்கள்: அடிதடி, குடி, கட்டில், நாக்கு. கண் திரையில், கை தாளில். முதல் பத்து வருடம் சிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா பள்ளிக்குப் போன பிறகு அவளுக்கு முடியவில்லை. "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன். நான் நான்கு விளக்கு போட்ட படத்துக்கு அவளும் பாப்பாவும் பிறகு போவார்கள். ஒரு தடவை பார்த்த படத்தை மறுபடி பார்க்க எனக்கு ஏது நேரம்? அடுத்த படம் வந்திருக்கும்.

வானொலிக்கு ஒரு தாய் எழுதியிருந்தார்: "உங்களால்தான் எங்கள் குடும்பம் சனிக்கிழமைகளில் சேர்ந்து உட்காருகிறது." அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

சிட்டுவுக்கு முதுகு வலி. பயணம் முடியாதாம்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.
தம்பி

*

மார்ச் 15

அன்புத் தம்பி,

உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்பதைத் தவிர. அடுத்த வாரம் எடுக்கிறார்கள்.

நீ கட்டாயக் கேள்வியை விட்டுவிட்டாய். ஆகவே நான் சிட்டுவுக்கே எழுதினேன். உடனே பதில் போட்டாள். முதுகு நன்றாகத்தான் இருக்கிறதாம். அவள் எழுதியதை, அவள் பேசுவதுபோலவே எழுதியிருக்கிறாள், அப்படியே தருகிறேன். உனக்குக் காட்டலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

"அண்ணி, நான் சண்டை போட்டுட்டு வரல. குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்குச் சொந்தக்காரங்க எல்லாம் பாப்பா வீட்டுல கூடியிருந்தாங்க. பாப்பா கல்யாண வீடியோவைப் போடச் சொன்னாங்க. இவர்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்து வெட்டி ஒட்டி அழகா பண்ணி வெச்சிருந்தார். ரெண்டு வருஷமா அலமாரியிலதான் கெடந்துச்சு, நாங்க யாரும் பாத்ததில்ல. பாப்பா சமையல்கட்டுல இருந்தவங்களைக்கூட விடல. 'வாங்க வாங்க, எங்கம்மா ஆடுவாங்க பாருங்க'ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சா. வரவேற்புல அவ என்னை இழுத்து ஆட விட்டாள்ல, நான் வாழ்க்கையில ஆடினதே அது ஒண்ணுதான். எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். படத்துல நான் உக்காந்திருந்தேன், அப்புறம் நின்னுக்கிட்டிருந்தேன். நடுவுல ஒண்ணுமில்ல. அப்புறம் கேக் வெட்டினாங்க. முப்பது வருஷமா ஊருக்கு ஆகாதுன்னு அவர் தள்ளி வெச்ச காட்சிகளோட என்னையும் சேத்துட்டார் அண்ணி. அன்னைக்கு அவர் பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பினப்போ, நான் இங்கயே இருக்கேன்னு சொன்னேன். சரின்னார். போய்ட்டார்."

அவ்வளவுதான் அவள் எழுதியது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அதற்குப் பிறகு நீ அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாயா?

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கண் சிகிச்சை நல்லபடி முடியட்டும்.

சிட்டு இதை உங்களுக்கு எழுதுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கத்தையும் கேளுங்கள். கல்யாணம் முடிந்த மறு வாரமே பெண்கள் ஐக்கியத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் அது நடக்கவில்லை, ஆனாலும் நினைத்துப் பாருங்கள். சபை மண்டபம், சுவரில் பெரிய திரை, முன் வரிசையில் மூப்பர்கள். ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் எது பார்க்கத் தக்கது என்று சொல்கிறவனின் மனைவி, தலைமுடி அவிழ, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடுகிறாள் என்றால் என்ன பேசுவார்கள்? எனக்காகவா வெட்டினேன்? அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றுதான் வெட்டினேன். நான்கு நிமிடம்கூட இருக்காது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. பாப்பா மோதிரம் போடுவது, ஜெபம், நீங்கள் அழுவது எல்லாம்.

அவளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கயே இருக்கேன்" என்றாள், இருக்கிறாள். தானாகப் போனவள் தானாக வரட்டும்.

விழா வேலைகள் இருக்கின்றன.
தம்பி

*

ஏப்ரல் 20

என் பிரியமான தம்பிக்கு,

உலகம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். வீட்டில் எத்தனை தூசி என்பதும் இப்போதுதான் தெரிகிறது. குனிந்து எழுதக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் இத்தனை நாள் பதில் போட முடியவில்லை. கோபத்தால் அல்ல. நீ அப்படி நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். ஓவியம் அபாரமாக வரும். ஒரு நாள் "என் வீடு" என்று வரையச் சொன்னேன். கூரை, ஜன்னல், கம்பி, பூந்தொட்டி, ஒன்றும் குறையில்லை. ஆனால் ஓர் ஆள் இல்லை. "வீட்டுல இருக்கறவங்கள்லாம் எங்கேம்மா?" என்று கேட்டேன். "வரைஞ்சேன் டீச்சர். அவங்க மட்டும் சரியா வரல, அழிச்சிட்டேன்" என்றாள். தாளைச் சாய்த்துப் பார்த்தால், அழித்த இடம் வாசலருகே பழுப்பாகத் தெரிந்தது. நான் அவளைத் திட்டவில்லை. வீடு அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் பிரச்சினையே.

நீ கெட்டவன் இல்லை, தம்பி. உன் விளக்குகளை நம்பி எத்தனையோ பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று வெட்டினேன் என்கிறாய். ஊரில் யாரும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய், கத்தரியால்.

தானாகப் போனவள் என்று எழுதியிருந்தாய். ஏழு மாதமாகப் போகிறது. என் கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. கூப்பிட்டாயா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று பாப்பா சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்பா அப்படித்தான் அத்தை, அம்மா இல்லன்னா தட்டுகூட எடுக்க மாட்டார்" என்றாள்.

அன்போடு,
அக்கா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கண் இப்போது நன்றாக இருக்கிறதா? சொட்டு மருந்தை மறக்காமல் விடுங்கள். தையல்கடைக்காரரை விடச் சொல்லாதீர்கள், அவர் ஊசியில் நூல் கோக்கிற கை, குறி பார்த்துக் குத்திவிடுவார்.

கல்யாணத்தை எடுத்த வீடியோக்காரரைத் தேடிப் போனேன். கடையை வேறு தெருவுக்கு மாற்றியிருந்தார். "ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டேன். "சார், ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கவான்னு நானே ரெண்டு தடவை கேட்டேன். நீங்கதான் வேணாம், அழிச்சிடுங்கன்னீங்க. உங்க முன்னாடிதான அழிச்சேன்?" என்றார். ஆமாம், என் முன்னால்தான். யாராவது போனில் எடுத்தார்களா என்று உறவினர்களிடமும் விசாரித்துவிட்டேன். ஆடியவர்களுக்கு எடுக்கக் கை இல்லை, பார்த்தவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்து, நான் வெட்டிய வீடியோவைத் தனியாகப் பார்த்தேன். தாளும் பேனாவும் எடுக்கவில்லை. வெட்டு நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் வெட்டுக்குப் பிறகு சில நொடிகளை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். சிட்டு நிற்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு வாங்குகிறது. பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டுகிறார்கள். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அவள் ஆடியபோது நான் மண்டபத்துக்குள் இல்லை, அக்கா. வாசலில் போதகரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். வெட்டும்போது கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். வெட்டும்போது நான் சத்தத்தை அணைத்துவிடுவது வழக்கம். அதனால் அவள் என்ன பாட்டுக்கு ஆடினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. இனி எந்த முகத்தோடு அதை யாரிடம் கேட்பது?

வீடு சுத்தமாக இருக்கிறது. கலைக்க ஆள் இல்லை. காலையில் ஒரு கோப்பை கழுவுகிறேன், சாயங்காலம் அதே கோப்பையைக் கழுவுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கூப்பிடவில்லை. பலமுறை போனைக் கையில் எடுத்தேன். பாப்பா எடுத்தால் குழந்தையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

உங்கள்,
தம்பி

*

ஜூன் 12

அன்புத் தம்பி,

நீ பதில் எழுதியதே எனக்குப் போதும். மதிப்பெண் போட மாட்டேன்.

சிட்டு எழுதியிருக்கிறாள். உங்கள் எடிட்டர் பாப்பாவைக் கூப்பிட்டு விழாவுக்கு அழைத்தாராம். அழைப்பிதழில் எல்லோர் பெயரும் அச்சாகிவிட்டதாம். "வரேன்னு சொல்லிட்டேன் அண்ணி. அத்தனை பேர் முன்னாடி அவரைத் தனியா நிக்க விட முடியாது" என்று எழுதியிருக்கிறாள்.

நீ சந்தோஷப்படும் முன் ஒன்று சொல்கிறேன். பள்ளி ஆண்டு விழா அன்று, ஒன்றாக வாழாத அப்பாவும் அம்மாவும்கூடப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். பிள்ளை மேடையிலிருந்து பார்க்குமே என்று. விழா முடிந்ததும் ஆளுக்கொரு வாசலில் போவார்கள். மேடைக்கு வருவது வேறு, வீட்டுக்கு வருவது வேறு. அவள் முதலாவதுக்குத்தான் சம்மதித்திருக்கிறாள். அதுவும் எடிட்டர் கேட்டு, நீ கேட்டு அல்ல.

முழங்கால் இந்த வாரம் சமாதானமாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். பிறகு எடிட்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சிட்டு வீட்டில் இல்லை. போன செப்டம்பரிலிருந்து மகளோடு இருக்கிறாள். என்னைக் குடும்பத்துக்கு உதாரணமாக மேடையில் நிறுத்துவது சரியில்லை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணே, யார் வீட்டுல இல்லாதது? பேத்தியைப் பாக்கப் போயிருக்காங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்லை."

"அதை நீங்க சொன்னாத்தானே தெரியும். சேர் போட்டாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு, வானொலிக்காரங்க வராங்க. அம்மாவை அன்னைக்கு மட்டும் சிரிச்ச முகமா கூட்டிட்டு வந்துருங்க. மத்ததை நம்ம வெட்டிக்கலாம்."

அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் எப்போதும் சொல்கிற வார்த்தைதான். நான் எழுந்து வந்துவிட்டேன். விழாவை நிறுத்துங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் வருவாள், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருவாள் என்ற ஆசையும் ஒரு காரணம். மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்காக ஜெபியுங்கள். நீங்கள் வர முடியாதது வருத்தம்தான். அந்தப் படிகளை நினைத்தால் வராமல் இருப்பதே நல்லது.

தம்பி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

விழா சனிக்கிழமை மாலை நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. சிட்டு, பாப்பா, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் நேரே மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். சிட்டு சாம்பல் நிறப் புடவை கட்டியிருந்தாள். இளைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். "பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கீங்க" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

மேடையில் இரண்டு பெரிய நாற்காலிகள். என்னைப் பற்றி ஐந்து பேர் பேசினார்கள். அவர்கள் சொன்ன ஆளை எனக்கும் சந்திக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு, தொகுத்து வழங்கிய பெண் மைக்கைச் சிட்டுவிடம் நீட்டி, "அம்மா, இவ்வளவு படம் பாக்கிறவரோட வீட்டுல நீங்க ரெண்டு பேரும் சேந்து என்ன படம் பாப்பீங்க?" என்று கேட்டாள்.

சிட்டு மைக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, "அவர் பாத்துட்டு வந்து சொல்வார். நாங்க கேட்டுக்குவோம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு மூப்பர் தன் மனைவியின் கையைத் தட்டி, "பாத்தியா" என்றார். நானும் சிரித்தேன். அவள் பொய் சொல்லவில்லை, என்னைக் குறையும் சொல்லவில்லை. அந்த மாலை முழுவதும் அப்படித்தான். அது ஒரு படமாக இருந்திருந்தால் என் தாளில் நான்கு கட்டமும் வெறுமையாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு விளக்கும் போட்டிருப்பேன்.

முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். எடிட்டர் யாரிடமோ என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் கையை விடுவித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், அக்கா. மாப்பிள்ளை காரில் குட்டியின் இருக்கையை மாட்டிக்கொண்டிருந்தார். சிட்டு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். மூச்சு வாங்கியதில் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடி கேட்டேன். "சிட்டு, வீட்டுக்கு வா. எனக்கு அங்க இருக்க முடியல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடை மேல கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "மைக்கு முன்னாடி கேட்டிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருக்கணும். வேற வழி இருந்திருக்காது. கீழ எறங்கி வந்து கேக்கிறீங்க. அதனால யோசிக்கிறேன்."

"எத்தனை நாள்?"

"பாத்தீங்களா, அதுக்குள்ள கணக்கு."

பாப்பா உள்ளேயிருந்து, "அப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க, பசியோட பஸ் ஏறாதீங்க" என்றாள். கார் போய்விட்டது. நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கக் கூடாது. அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முப்பது வருடமாக முடிவைப் பார்த்த பிறகே பேசிப் பழகியவனுக்கு இது என்ன என்றே புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: ஒரு தடவை கேட்டதோடு என் வேலை முடியவில்லை. என்ன பாட்டுக்கு ஆடினாள் என்று அவளிடமே கேட்க வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் இருந்தால் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த முறை அவள் சொல்லி, நான் கேட்பது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. அங்கே தங்கச் சொல்வார்களா, வாசலிலேயே அனுப்பிவிடுவார்களா என்று தெரியாது.

சற்று முன் எடிட்டர் கூப்பிட்டார். "அண்ணே, குடும்பம்னா இப்படி இருக்கணும்னு ஊரே பேசுது. வெள்ளிக்கிழமை புதுப் படம் வருது. விமர்சனம் எப்போ தரீங்க?"

"இந்த மாசம் இல்லை" என்றேன்.

"முப்பது வருஷத்துல ஒரு மாசம் விட்டதில்லையேண்ணே! வாசகருக்கு என்னன்னு போடுறது?"

"வீட்டுல கொஞ்சம் வேலை இருக்குன்னு போடுங்க" என்றேன்.

உங்கள் ஜெபத்தை எதிர்பார்த்து,
தம்பி